திறக்காத பொட்டலம்

சதுரகிரி மலைக்கு ஏற எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வழி இரண்டு. கிழக்கே வத்திராயிருப்புப் பக்கமிருந்து தாணிப்பாறை வழி. செங்குத்துதான், ஆனால் கூட்டம் உண்டு, பயமில்லை. மேற்கே வருசநாட்டுப் பக்கமிருந்து உப்புத்துறை வழி; சுற்று, காடு, யானை நடமாட்டம், ஆனால் ஏற்றம் மெதுவானது. ஆடி அமாவாசைக்கு எந்த வழியில் ஏறுவது என்பதை எங்கள் ஊரில் மனுஷன் முடிவு செய்வதில்லை. முனியசாமிதான் முடிவு செய்வார். அப்படித்தான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் முடிவு செய்தது நான்.

என் பெயர் பூமிநாதன். உச்சிப்புளியில் ரயிலை விட்டு இறங்கிப் புதுமடம் போகிற பாதையில் பாதி தூரம் நடந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். அங்கே முனியசாமி கோயிலுக்கு நான் பூசாரி. பூக்கட்டிப் பார்க்கிற வேலையும் என்னுடையதுதான். ஒரு வாழை இலைத் துணுக்கில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டிச் சாமி காலடியில் போடவேண்டும். வெள்ளை வந்தால் தாணிப்பாறை, சிவப்பு வந்தால் உப்புத்துறை. ஏறிய வழியில்தான் இறங்கவும் வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது; அப்படியே ஊருணித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். சாமி வேண்டாமென்று விட்டதை மனுஷன் பார்ப்பது மரியாதை இல்லையாம். இந்த வழக்கத்தை உண்டாக்கிய மகராசன் யாரோ, திருட்டுப் பூசாரிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. முழங்கால் வலிக்காரன் எடுத்தால் உப்புத்துறைக்கு வேண்டிக்கொண்டு எடுத்தான் என்பார்கள். யானைக்குப் பயந்தவன் எடுத்தால் தாணிப்பாறைக்கு. ஒரு வருஷம் இதற்காகவே அடிதடி ஆனபிறகு, இரண்டு வழியிலும் போகாத ஒருவர்தான் எடுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அப்படி வந்து சேர்ந்தவர் தங்கச்சிமடத்துச் சவேரியார். ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர், வாரம் ஒருநாள் சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டிக்கொண்டு வருவார். விரதக்காரர்கள் இருக்கிற இடம் என்பதால் கூடையை ஊருணிக்கு அந்தப் பக்கத்துக் கரையில் வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வருவார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். கருவாட்டு வாசனையைக் கேட்கவா வேண்டும்?

"ஏன் பூசாரி, ஒங்க சாமிக்கு எங் கைய விட்டா வேற கை கெடைக்கலயா?" என்று வருஷா வருஷம் கேட்பார்.

"நாத்தமடிச்சாலும் நடுநிலையான கை சவேரியாரு" என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன். நடுநிலையான கைக்குக் கீழே நான் போட்டிருந்ததோ இரண்டு வெள்ளைப் பொட்டலம்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் தங்கச்சி பூமயிலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பூமயிலை எங்கள் அத்தை மகன் இருளாண்டிக்குக் கொடுத்திருந்தோம். நல்ல உழைப்பாளி. பேச்சு குறைவு. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, சேதுலட்சுமி என்று பெயர். காந்தி மகான் சுடப்பட்ட அதே தை மாதம், அறுவடைச் சமயத்தில், அந்தக் குழந்தை ஊருணியில் விழுந்து இறந்துபோனது. மூன்று வயது. இருளாண்டி இரண்டு இரவு களத்தில் கண்விழித்துவிட்டு வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தான். பூமயில் குழந்தையை அவன் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுக் களத்துக்குப் போயிருந்தாள். குழந்தை எழுந்து தானாக நடந்திருக்கிறது. ஊர் கூடி நின்று கேட்டபோது பூமயில், "பிள்ளையப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்" என்று அலறினாள். இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆடியில் எங்களோடு சதுரகிரிக்கு வந்தவன், திரும்ப இறங்கவில்லை. மூன்று நாள் தேடிவிட்டு நாங்கள் வந்துவிட்டோம்.

மறுவருஷம் பூக்கட்டியபோது சிவப்பு வந்தது. உண்மையாகவே வந்தது, அப்போது நான் யோக்கியன். உப்புத்துறை வழியில் ஏறும்போது பாதி மலையில், ஒரு பாறைக்கு அடியில் ஊறுகிற சுனையோரம், தாடி வைத்த ஒருவன் போகிறவர் வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "இங்கன உக்காந்து குடிங்க" என்றான். அந்தக் காட்டில் 'இங்கன' என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? மற்றவர்கள் கவனிக்கவில்லை; அவர்களை முன்னே போகவிட்டு நான் நின்றேன்.

"மாப்ள, வா, வீட்டுக்குப் போவம்" என்றேன்.

"வரல மச்சான்."

"பிள்ளைய நெனச்சு எத்தனை நாளைக்கு இப்படி? தூக்கத்துல ஒனக்குக் கேட்ருக்காது. அதுக்கு என்ன செய்ய முடியும்?"

அவன் வந்து நின்ற ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பினான். பிறகு சொன்னான்: "அவ சொல்லல மச்சான். எந்தத் தூக்கத்துல கெடந்தாலும் அவ கொரலு கேட்டா நான் முழிச்சுருவேன். அன்னைக்கு எனக்கு எந்தக் கொரலும் கேக்கல. பயத்துல ஊருக்கு முன்னால அப்படிச் சொல்லிட்டா. பரவால்ல. ஆனா ஒரே வீட்டுல இருந்தா என்னைக்காச்சும் ஒருநாள், சோத்துல உப்பு கூடிப்போச்சுன்னு வாற கோவத்துல, 'நீ சொல்லவே இல்ல'ங்கிற அந்தச் சொல்லு என் வாயில வந்துரும். வந்துட்டா அவ உசுரோட இருக்க மாட்டா. நான் இங்கனயே இருக்கேன். அவளை மட்டும் இந்த வழியில கூட்டியாந்துறாத. பாத்தா எங்கால் எறங்கிரும்."

கையில் அடித்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பூமயில் தானும் மலைக்கு வருகிறேன் என்று மாலை போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளி வைத்தேன். நாரை மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். மறுவருஷம் ஒரே கட்டு. பொய்க்கும் பழக்கம்தான் வேண்டியிருக்கிறது.

எட்டு வருஷம் அவள் தாணிப்பாறை வழியில் ஏறினாள். வழியில் தென்பட்ட ஒவ்வொரு சாமியார் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே ஏறினாள். மலைமேல் மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு, மேற்கே உப்புத்துறைப் பாதை இறங்குகிற இடத்தில் போய் நிற்பாள். ஊர்ஊராக ஆடு மேய்த்துத் திரிகிற கீதாரி ஒருவன் அவளிடம் சொல்லியிருந்தான்: "அந்தப் பக்கம் சுனையில ஒரு ஆளு தண்ணி ஊத்துறாரு தாயி. நம்ம சீமைப் பேச்சு." தனியாக இறங்கிவிடலாமென்றால் காடு, யானை. வழக்கத்தை மீறினால் கூட வருகிறவர்களுக்கு ஆகாது என்று வேறு பயம். "அடுத்த வருசம் சிவப்பு வரும்ண்ணே" என்பாள் என்னிடம். நான், "வரும் ஆத்தா" என்பேன். அந்த வாயை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

அவள் நெற்றியில் குங்குமம் வைக்காத நாள் கிடையாது. இருளாண்டியின் வேட்டிகளை மாதம் ஒருமுறை துவைத்துக் காயப்போடுவாள். கொடியில் அந்த வேட்டிகள் கிடந்தால் நான் வேறு பக்கம் சுற்றிப்போவேன். என் மனைவி சண்முகவள்ளி, "ஊருக்கே குறி சொல்ற பூசாரிக்கு வீட்டுல ஒண்ணுக்கும் வழி தெரியல" என்று குத்துவாள். அவளுக்கு விஷயம் தெரியாது. தெரியாமலே சரியாகக் குத்துவாள்.

அந்த எட்டாவது வருஷம் மழை பொய்த்தது. நல்ல வருஷத்தில் ஆடியிலும் ஊருணியில் இடுப்பளவு தண்ணீர் கிடக்கும். அந்த வருஷம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சவேரியார் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது, வழக்கம்போல. எடுக்காத பொட்டலத்தை, வழக்கம்போல, நான் ஊருணியில் வீசினேன். தண்ணீர் இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. வீசவேண்டும் என்றால் வீசவேண்டும், அவ்வளவுதான்.

குழந்தை விழுந்த படித்துறையில் பூமயில் தினமும் காலையில் போய் உட்காருவாள். இரண்டு நாள் வெயிலில் வாழை இலை சுருண்டு, நார் கழன்று, பூ வெளியே வந்திருக்கிறது. நியாயப்படி அது செவ்வரளியாக இருந்திருக்க வேண்டும்.

அவள் என்னிடம் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷமும் தாணிப்பாறை வழியில் ஏறினாள், இறங்கினாள். ஒரு வருஷம் முழுக்க என் வீட்டில் பேசினாள், சிரித்தாள். மறு ஆடியில், பூக்கட்டும் நாள் காலையில், நான் அரளிச் செடியருகே நிற்கும்போது வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காய்ந்த பூவை என் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளை.

"இந்த வருசம் ரெண்டுலயும் சிவப்ப வையிண்ணே" என்றாள்.

சமாளிக்கப் பார்த்தேன். "ஆத்தா, அது வந்து..."

"அவரு அங்கதான இருக்காரு? ஒனக்குத் தெரியும்ல?"

"ஒன்னைப் பாக்க வேணாம்னு சொல்லிட்டான் பூமயிலு. வாக்குக் குடுத்துட்டேன்."

"ஒங்கிட்டயா? என்னைப் பாக்க வேணாம்னா?" அழவில்லை. குரல்தான் இறங்கியது. "நான் அவரைக் கூட்டியார வேணாம். ஒண்ணு சொல்லணும். சொல்லாமச் செத்தா எங்கட்டை வேகாது. அன்னைக்கு நான் அவருகிட்ட ஒண்ணும் சொல்லலண்ணே. ரெண்டு நாளாத் தூங்காத மனுசன், எழுப்ப மனசு வரல. பிள்ளையும் தூங்குதேன்னு சத்தங்காட்டாமப் போயிட்டேன். ஊரு கேட்டப்ப வாயில பொய்யி வந்துருச்சு. அந்தப் பழியச் சொமந்துக்கிட்டுல்ல அவரு மலையில கெடக்காரு."

இது எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். தெரியும் என்று சொல்லவும் முடியவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவள் சொல்லவேண்டிய ஒரே சொல்லை ஊருணியில் வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போது என்மேல் வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

ஒழுங்காக வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று வைத்துவிட்டுச் சாமி பொறுப்பு என்று ஒதுங்கிவிடலாமா என்று யோசித்தேன். வெள்ளை வந்துவிட்டால்? மச்சினனுக்காக எட்டு வருஷம் திருடியவன் தங்கச்சிக்காக ஒரு வருஷம் திருடினால் முனியசாமி கூடுதலாக என்ன செய்துவிடப் போகிறார்? செவ்வரளியாகவே இரண்டு பறித்தேன்.

சவேரியார் வந்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம். "பூசாரி, ஒங்க சாமி கடைசியில மனசு மாறிட்டாரே!" என்று சிரித்தார். முழங்கால் வலிக்காரர்கள் அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தார்கள். பூமயில் கோயில் தூணில் சாய்ந்து நின்றாள். பத்து வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

ரயிலில் மதுரை, பஸ்ஸில் ஆண்டிபட்டி, மயிலாடும்பாறை, அங்கிருந்து நடை. பதினெட்டுப் பேர். பூமயில் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். இருட்டுவதற்குள் உப்புத்துறையில் தங்கினோம். விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம். வெயில் ஏறுகிற நேரத்தில் சுனை வந்தது.

இருளாண்டி பாறை நிழலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. முதுகெலும்பு தெரிந்தது. அமாவாசைக் கூட்டத்துக்கு இரவெல்லாம் தண்ணீர் ஊற்றியிருப்பான். எங்கள் ஆட்கள், "சாமி! சாமி! தண்ணி" என்று கூப்பிட்டார்கள். ஒருவர் அவன் காதருகே கையைத் தட்டினார். அசையவில்லை. சரி, தூங்கட்டும் என்று தாங்களே முகந்து குடித்துவிட்டு மேலே நடந்தார்கள். எவருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. பத்து வருஷம் ஒரு மனுஷனை அப்படி ஆக்கிவிடும்.

நானும் பூமயிலும் நின்றோம். அவள் கிட்டே போகவில்லை. நாலு முழம் தள்ளி உட்கார்ந்தாள். மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "மச்சான்" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சிவப்பு வந்துருச்சாக்கும்" என்றான்.

"வந்துருச்சு மாப்ள" என்றேன்.

பூமயில் ஒரே மூச்சில் சொன்னாள். எழுப்பாமல் போனதை, ஊருக்கு முன்னால் பொய் சொன்னதை, அதைத் திருப்பிச் சொல்லப் பத்து வருஷமாக வழி தேடியதை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. அவன் ஒரு செம்பில் தண்ணீர் முகந்துகொண்டு வந்தான். அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். ஊற்றிக்கொண்டே சொன்னான்:

"நீ சொன்ன பூமயிலு. பிள்ளையப் பாத்துக்கங்கன்னு சொன்ன. நான் ம்னு சொன்னேன். சொல்லிட்டுத் திரும்பத் தூங்கிட்டேன். பிள்ளை போன அதிர்ச்சியில ஒனக்கு மறந்துபோச்சு. எனக்கு நல்லா நெனவிருக்கு."

இதே சுனையோரம் இவன் என்னிடம் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாரீகளா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அவன் சுனையோரம் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தான். "ஆளு வந்துக்கிட்டேதான் இருக்கு. இங்கன தண்ணிக்கு ஒருத்தன் வேணுமே" என்றான். பிறகு செம்பை வைத்துவிட்டுக் காட்டுக்குள் விறகுக்குப் போகிறவன்போல் போய்விட்டான்.

மறுநாள் அமாவாசை கும்பிட்டுவிட்டு அதே வழியில் இறங்கினோம். சுனையில் அவன் இல்லை. பானை நிறையத் தண்ணீர் இருந்தது, சிரட்டை போட்டு மூடியிருந்தது. எங்களுக்காக நிரப்பிவிட்டு ஒளிந்திருக்கிறான். பூமயில் குடித்தாள். குடித்த அளவுக்குச் சுனையில் முகந்து ஊற்றிப் பழையபடி மூடிவைத்தாள். கொஞ்ச தூரம் இறங்கியபிறகு சொன்னாள்:

"அவரு பொய் சொன்னாருண்ணே."

நான் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"எங்கொரலு கேட்டா எந்தத் தூக்கத்துலயும் முழிச்சுருவாரு. நேத்துங்கூட முழிச்சாருல்ல, நீதான் பாத்தியே." கொஞ்சநேரம் நடந்தாள். "எம்புட்டு ஆசையிருந்தா ஒரு மனுசன் அப்படிப் பொய் சொல்லுவாரு? அந்த ஆசைய வச்சுக்கிட்டு அங்கன எதுக்குக் கெடக்காரு? என்னால கூட்டியார முடியலையேண்ணே." அப்போதுதான் அழுதாள். பாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அவன் வேண்டியவன்தானே.

ரயில் உச்சிப்புளியை நெருங்கும்போது என்னிடம் சொன்னாள்: "அடுத்த வருசத்துலேருந்து ஒழுங்காக் கட்டுண்ணே. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. நாமளா வழியப் புடிச்சுப் போனா அவரு ஒளிஞ்சுக்கிறாரு. சாமி காட்டிப் போனா இருப்பாரு."

அதிலிருந்து நேர்மையாகத்தான் கட்டுகிறேன். ஐந்து வருஷமாகிறது. ஐந்து வருஷமும் வெள்ளைதான் வந்திருக்கிறது. பொய்யாக எட்டுமுறை வரவைத்ததை முனியசாமி இப்போது மெய்யாக வரவைத்துக் கணக்குத் தீர்க்கிறாரோ என்னவோ. ஒவ்வொரு ஆடியிலும் இரண்டிலும் சிவப்பை வைக்க என் கை துடிக்கும். அவள் எதிரில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் அவள் மாற்றிவிட்டாள். எடுக்காத பொட்டலத்தை ஊருணியில் போட விடமாட்டாள். பெரியவர்கள் கூச்சல் போட்டார்கள். சவேரியார்கூட, "எதுக்கும்மா, சாமி விட்டது விட்டதுதானே" என்றார். அவள் கேட்கவில்லை. இந்த வருஷமும் வெள்ளை என்று தெரிந்ததும் என்முன் வந்து கையை நீட்டினாள்.

"அதையும் பிரிண்ணே."

பிரித்தேன். செவ்வரளி இருந்தது. அவள் அதை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, தாணிப்பாறைக்கு மூட்டை கட்ட வீட்டுக்குப் போனாள்.